ஏழாம் சீட்டுக்குப் பிறகு யாருடைய பாதி பத்திரம்?

கேட்டவர் சொன்ன ஆட்டத்தை முதலில் இங்கே வைத்துவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியும். 10–20 டாலர் லிமிட் ஹார்ஸ் போக்கர் மேசை; லிமிட் என்றால் பெட்டின் (பந்தயத்தின்) அளவு நிர்ணயம், ஹார்ஸ் (HORSE) என்றால் ஐந்து ஆட்டங்கள் சுற்றாக மாறி மாறி வருவது, ஒவ்வொரு எழுத்தும் ஒரு ஆட்டம். அதில் கடைசி எழுத்தான ‘ஈ’ சுற்று நடக்கிறது. அதாவது ஏழு சீட்டு ஸ்டட், பாட்டில் (நடுவில் சேரும் பந்தயப் பணத்தில்) பாதி பெரிய கைக்கு, மறுபாதி எட்டுக்குள் அடங்கும் சின்னக் கைக்கு. அவரிடம் கவிழ்ந்த சீட்டுகள் ஏஸ், ராஜா. மேலே ராஜா, 9, ஜாக்கி, 9. ஏழாவதாகக் கவிழ்ந்து வந்தது ஒரு 10. ஆக ராஜா ஜோடியும் 9 ஜோடியும். எதிரில் மிஞ்சியது ஒரே ஒருவர். அவருக்கு மேலே 5, 6, 3, 8, நாலும் நாலு இனம். பாட்டில் 160 டாலர். 9 ஜோடி திறந்து கிடப்பதால் இவர்தான் முதலில் பேச வேண்டும். 20 பெட் வைத்தார். எதிராளி 40 ஆக்கினார். இவர் இன்னொரு 20 போட்டுப் பார்த்தார். அவர் ஒரு 4-ஐயும் ஒரு 7-ஐயும் திருப்பினார். பெரிய பக்கத்துக்கு ஸ்ட்ரெய்ட் (அடுத்தடுத்த ஐந்து எண்), சின்னப் பக்கத்துக்கு ஏழு லோ (7-ஐ உச்சமாகக் கொண்ட சின்னக் கை). முழுப் பாட்டும் போயிற்று.

கேள்வி மூன்று. பெட் வைத்தது தவறா? ரெய்ஸ் (பெட்டை உயர்த்துவது) வந்த பிறகு ஃபோல்ட் செய்திருக்கலாமா, அதாவது கையை விட்டிருக்கலாமா? “இரண்டு ஜோடியைக் கையில் வைத்துக்கொண்டு செக் சொல்வது பயந்தாங்கொள்ளித்தனம்” என்று நண்பர் சொன்னது சரியா? (செக் என்றால் பெட் வைக்காமல் முறையைக் கடத்துவது.)

பெட் தவறு. ரெய்ஸுக்குக் கால் சொன்னது, அதாவது ஈடாகப் பணம் போட்டுப் பார்த்தது, சரி. நண்பர் சொன்னது சாதாரண ஸ்டட்டுக்குப் பொருந்தும், இந்த ஆட்டத்துக்குப் பொருந்தாது. ஏன் என்பதைச் சொல்லக் கொஞ்சம் இடம் வேண்டும்.

விதி தெரியாதவர்களுக்கு நாலு வரி. ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு கவிழ்த்து, நாலு சீட்டு திறந்து, கடைசி ஒன்று மறுபடி கவிழ்த்து. மூன்றாம், நான்காம் சீட்டில் சின்ன பெட் (இங்கே 10), ஐந்தாம் சீட்டிலிருந்து பெரிய பெட் (20). சின்னக் கை செல்ல வேண்டுமானால் எட்டு அல்லது அதற்குக் கீழே, ஒன்றுக்கொன்று வேறான ஐந்து சீட்டு வேண்டும். ஏஸ் இரண்டு பக்கமும் எண்ணப்படும். ஸ்ட்ரெய்ட், ஃப்ளஷ் (ஐந்தும் ஒரே இனம்) இருந்தாலும் லோவுக்குக் குறை இல்லை; அதனால்தான் ஏஸ்-2-3-4-5 இரு பக்கமும் வெல்லக்கூடிய கை. யாருக்கும் லோ இல்லையென்றால் பெரிய கை முழுப் பாட்டையும் எடுத்துக்கொள்ளும்.

இனி கணக்கு. கடைசிச் சுற்றில் நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி “என் கை ஜெயிக்குமா?” என்பதல்ல. “இங்கே யாருடைய பாதி ஏற்கெனவே பத்திரமாக இருக்கிறது?” என்பதுதான். அதற்கான பதில் பெரும்பாலும் மேசைமேல் திறந்தே கிடக்கும்.

உங்கள் திறந்த சீட்டுகளை எதிராளியின் கண்ணால் பாருங்கள். ராஜா, 9, ஜாக்கி, 9. எட்டுக்குக் கீழே ஒன்றுகூட இல்லை. கவிழ்ந்திருப்பது மூன்றே சீட்டு. லோவுக்கு ஐந்து வேண்டும். ஆகவே உங்களுக்கு லோ இருக்கவே முடியாது. இது ஊகம் இல்லை, எண்ணிக்கை. ஒருவருக்கு மேலே வேறு வேறான இரண்டு சின்னச் சீட்டாவது இருந்தால்தான் லோ சாத்தியம். ஒன்று மட்டும் இருந்தால் கவிழ்ந்த மூன்றும் சேர்ந்தாலும் நாலுதான் ஆகும். இந்த ஒரு விதியை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் மேசையில் பாதிப் பேரின் லோவை உடனே நீக்கிவிடலாம்.

இப்போது அவருடைய சீட்டுகள். 5, 6, 3, 8: நாலு சின்னச் சீட்டு தயார். ஏஸ், 2, 4, 7 ஆகியவற்றில் ஒன்று கிடைத்தால் போதும். உங்கள் ஏழையும் அவருடைய நாலையும் கழித்தால் தெரியாத சீட்டு 41. அதில் அவருக்கு உதவுபவை 15, ஒரு ஏஸ் உங்களிடம் இருப்பதால். கண்ணை மூடிக்கொண்டு மூன்று சீட்டு கொடுத்தாலும் நூற்றில் 76 தடவை லோ அமைந்துவிடும். ஆனால் அவர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. 5-ஐக் காட்டியபடி ஆட்டத்துக்குள் வந்தவர், உங்கள் ராஜாவுக்கு எதிராகக் கடைசிவரை பணம் போட்டவர். அவர் கவிழ்த்து வைத்திருப்பதும் சின்னச் சீட்டுதான். லோ இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக நிலைமை இது: அவருடைய பாதி பத்திரம். உங்களுடைய பாதிக்குத்தான் சண்டை. அவர் அந்தப் பாதியையும் பறிக்கலாம். நீங்கள் அவருடைய பாதியைத் தொடக்கூட முடியாது.

இந்த நிலையில் நீங்கள் 20 வைத்து அவர் கால் சொன்னால் என்ன நடக்கும்? உங்கள் கை பெரியது என்றால் இருவர் போட்ட 40-ம் பாதியாகப் பிரிந்து உங்கள் 20 உங்களுக்கே திரும்பி வரும். லாபம் பூஜ்யம். அவர் பெரிய பக்கத்தையும் வென்றால் 20 போச்சு. அவர் ரெய்ஸ் செய்தால் 40 போச்சு. ஜெயித்தால் ஒன்றுமில்லை, தோற்றால் நஷ்டம் என்ற பெட்டை யாராவது தெரிந்தே வைப்பார்களா? அவர் ஃபோல்ட் செய்தால் லாபம்தானே என்று கேட்கலாம். லோ கையில் இருப்பவர் ஃபோல்ட் செய்ய மாட்டார்.

இதையே அவர் பக்கமிருந்து பாருங்கள். அவருக்குத் தன் பாதி திரும்பி வருவது உறுதி. அவர் பெட் வைத்தாலும் ரெய்ஸ் செய்தாலும், பெரிய பக்கத்தில் தோற்றால் அவருக்கு நஷ்டம் பூஜ்யம். ஜெயித்தால் அத்தனையும் லாபம். எனவே விஷயம் தெரிந்தவர் அந்த இடத்தில் வெறும் 8 லோவும் ஒரு சின்ன ஜோடியும் இருந்தால்கூட ரெய்ஸ் செய்வார். இருவர் மட்டும் மிஞ்சியிருக்கும்போது பல அறைகளில் ரெய்ஸுக்கு உச்சவரம்பும் கிடையாது. நீங்கள் பெட் வைத்தது அவருக்குச் செலவில்லாத ஒரு லாட்டரிச் சீட்டை நீட்டியது போல.

அப்படியானால் ரெய்ஸ் வந்ததும் பயந்து ஃபோல்ட் செய்ய வேண்டுமா? இல்லை. அந்த ரெய்ஸ் அவரிடம் ஸ்ட்ரெய்ட் இருக்கிறது என்று சொல்லவில்லை. லோ இருக்கிறது என்றுதான் சொல்கிறது, அது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். பாட்டில் அப்போது 160, உங்கள் 20, அவருடைய 40, மொத்தம் 220. நீங்கள் 20 போட்டால் 240. அதில் பாதி 120. 20 கொடுத்து 120-க்குப் பார்க்கிறீர்கள்; ஆறில் ஒரு தடவை உங்கள் கை பெரியதாக இருந்தால் போதும்.

எத்தனை தடவை பெரியதாக இருக்கும்? நாலும் நாலு இனம் என்பதால் ஃப்ளஷ் கிடையாது. ஸ்ட்ரெய்ட் வர வேண்டுமானால் கவிழ்ந்த மூன்றில் 4-ம் 7-ம், அல்லது 2-ம் 4-ம், அல்லது 7-ம் 9-ம் சேர்ந்து இருக்க வேண்டும். இரண்டு 9 உங்களிடமே இருக்கின்றன. எண்ணிப் பார்த்தால், கண்ணை மூடிக் கொடுத்த சீட்டில் இது நூற்றில் 13 வரும். மேலே கிடக்கும் ஏதாவது ஒன்றோடு அதே எண்ணில் இன்னும் இரண்டு சேர்ந்து மூன்று ஒரே எண், ஏஸ் ஜோடியோடு இன்னொரு ஜோடி, இதையெல்லாம் கூட்டினால் 18-ஐ ஒட்டி நிற்கும். உண்மையான ஆட்டக்காரர் 4-7 போல நெருங்கிய சீட்டை வைத்துக்கொண்டுதான் தொடங்கியிருப்பார் என்பதால் அதை 25 என்று உயர்த்துங்கள், 30 என்றுகூட வையுங்கள். அப்போதும் பத்தில் ஏழு தடவை பெரிய பாதி உங்களுடையது. நாணயமான, பயந்து ஆடுகிற எதிராளி ஸ்ட்ரெய்ட் இல்லாமல் ரெய்ஸ் செய்யவே மாட்டார் என்று நீங்கள் பல மாதம் பார்த்துத் தெரிந்துவைத்திருந்தால் மட்டும் கதை வேறு.

நீங்கள் செக் சொல்லியிருந்தால்? அவர் 20 வைப்பார், நீங்கள் 20 போட்டுப் பார்ப்பீர்கள். அதே முடிவு, ஆனால் 40-க்குப் பதில் 20 நஷ்டம். அவர் முழுதாக எடுக்கும் கைகள் நூற்றில் 25 என்றால், ஒவ்வொரு முறையும் 20 மிச்சம். சராசரியாக ஒரு கைக்கு 5 டாலர். 10–20 மேசையில் ஒரு கைக்கு 5 டாலர் என்பது சின்னத் தொகை இல்லை.

நண்பரின் பேச்சு எங்கிருந்து வருகிறது என்பதும் எனக்குப் புரிகிறது. ஹார்ஸில் சுற்றுகள் வரும் வரிசையைக் கவனியுங்கள்: ஹோல்டெம், ஒமஹா, ராஸ், ஸ்டட், பிறகு ‘ஈ’. சாதாரண ஸ்டட் ஆடி முடித்த கையோடு, அதே ஏழு சீட்டு, அதே மாதிரி விநியோகம், அதே இருக்கை. அறிவிப்புப் பலகையில் ஒரு எழுத்துதான் மாறியிருக்கும். அரை மணி நேரமாக இரண்டு ஜோடிக்குப் பெட் வைத்துப் பழகிய கை தானாக நீளும். லாஸ் வேகஸில் நடக்கும் போக்கர் உலகத் தொடரில் 2006-ல் 50,000 டாலர் நுழைவுக் கட்டணத்தில் ஹார்ஸ் போட்டியை முதன்முதலாக வைத்தார்கள். 143 பேர் ஆடியதில் சிப் ரீஸ் வென்றார். எல்லா ஆட்டமும் தெரிந்தவரையே சிறந்தவர் என்று சொல்ல வேண்டும் என்ற எண்ணம் அதற்குப் பின்னால் இருந்தது. ஐந்து ஆட்டம் தெரிவது ஒன்று. ஸ்டட்டிலிருந்து ‘ஈ’க்கு வரும் அந்த நொடியில் மனத்தை மாற்றிக்கொள்வது இன்னொன்று. எனக்கு இரண்டாவதுதான் வெகு நாள் கைவரவில்லை.

இன்னொரு பழக்கமும் அங்கிருந்தே வருகிறது. “பாட் பெரிதாக இருக்கும்போது கடைசி பெட்டுக்கு ஃபோல்ட் செய்யாதே” என்பார்கள். ஸ்டட்டில் 160 பாட்டில் 20 பெட் வந்தால், நீங்கள் 20 கொடுத்து 200-க்குப் பார்க்கிறீர்கள். பத்தில் ஒரு தடவை போதும். இங்கே பாதிக்குத்தான் பார்க்கிறீர்கள் என்றால் 100. ஐந்தில் ஒரு தடவை வேண்டும். அதாவது சரியாக இரண்டு மடங்கு. வெறும் ராஜா ஜோடியோடு இருந்து, எதிராளி மேலே மூன்று ஒரே இனமும் அடுத்தடுத்த எண்களும் கிடந்தால், ஸ்டட்டில் கண்ணை மூடிச் சொல்லும் கால் இங்கே ஃபோல்ட் ஆகிவிடும்.

பெரிய கை எப்போதுமே செக்தான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எதிராளிக்கு லோ தவறியிருக்க நல்ல வாய்ப்பு இருந்தால் பெட் வைக்கலாம். ஒரு உதாரணம்: அவருக்கு மேலே 2, 4, ஜாக்கி, ராணி. நீங்கள் மேலே எல்லாம் பெரிய சீட்டு காட்டுகிறீர்கள், கவிழ்ந்தது ஏஸ் ஜோடி. அவர் கவிழ்த்த இரண்டும் சின்னது என்றால், ஆறாம் சீட்டு முடியும்போது அவருக்கு நாலு சின்னச் சீட்டு. ஐந்தாவதற்காகக் கடைசிச் சீட்டைப் பார்த்திருந்தார். அவர் கண்ணுக்குத் தெரியாதவை 42, உதவுபவை அதிகபட்சம் 16. நூற்றில் 38. உங்கள் ஏஸ்கள் அவருக்குத் தேவையானவையாக இருந்தால் இன்னும் குறைவு. ஆக 60-க்கு மேல் தவறியிருக்கும். தவறியவர்களில் ராணி ஜோடியோ 4 ஜோடியோ சேர்ந்தவர் “பாட் பெரிது” என்று சொல்லிக்கொண்டு 20 போடுவார். அந்த 20 முழுதாக உங்களுடையது. லோ அமைந்திருந்தால் பெட் பூஜ்யத்தில் முடியும். லோவோடு உங்களைத் தாண்டும் பெரிய கையும் அமைந்திருப்பது அரிது.

இங்கே ஆளைப் பார்க்க வேண்டும். தவறிய கையோடு ஏமாற்றிப் பெட் வைக்கும் சுபாவம் உள்ளவர் என்றால் நீங்கள் செக் சொல்லி அவரை வைக்கவிட்டுக் கால் சொல்வதே மேல். எதையும் பார்க்காமல் விடமாட்டேன் என்பவர் என்றால் பெட். இரண்டும் தெரியாதவர் என்றால் நான் பெட் வைப்பேன்.

இருவருமே லோ பக்கம் போகிற கைகளில்தான் ஆட்டக்காரர்கள் அதிகம் குழம்புகிறார்கள். முதலில் லோவை ஒப்பிடும் முறை. மேலேயிருந்து கீழே ஐந்து இலக்க எண்ணாக வாசியுங்கள், ஏஸை 1 என்று வைத்து. 7-6-5-4-3 என்பது 76543. 7-5-4-3-2 என்பது 75432. எந்த எண் சிறியதோ அது வெல்லும். “என்னிடம் ஏஸ் இருக்கிறது, அவரிடம் இல்லை” என்பது கணக்கே இல்லை. 87621 என்ற கை 76543-இடம் தோற்கும்.

இப்போது ஒரு கை. உங்களுக்கு மேலே 2, 6, 7, ராணி. கவிழ்ந்தது ஏஸ், 6, 8. உங்கள் லோ 87621. பெரிய பக்கத்துக்கு 6 ஜோடி. எதிராளிக்கு மேலே 8, 5, 4, ராஜா. உங்கள் லோவைப் பிடித்துக்கொண்டு நீங்கள் நிம்மதியாக இருப்பீர்கள். ஆனால் அவருக்கு லோ அமைந்திருந்தால் அது எப்படி இருக்கும் என்று எழுதிப் பாருங்கள். 854-ல் தொடங்கும், அல்லது 865, 875, அல்லது அதைவிடச் சிறியது. எல்லாமே உங்கள் 876-ஐவிடச் சிறியவை. அவரிடம் 7-ம் 6-ம் இருந்து, அதைவிட நல்லது அமையாமல், 87654 ஆனால் மட்டும் உங்களுடையது சிறியது. ஆக உங்கள் லோ உண்மையில் பாதி பாட்டுக்கான கை அல்ல. அவர் தவறவிட்டிருந்தால் மட்டும் உயிர் பெறும் கை. அவருக்கு லோ இருந்தால் நீங்கள் நம்பியிருப்பது அந்த 6 ஜோடியை. சின்னச் சீட்டுகளோடு ஆடும் இருவர் மோதும்போது பெரிய பாதியை ஒரு 6 ஜோடி, ஒரு 4 ஜோடி, சில சமயம் வெறும் ஏஸ் எடுத்துச் செல்வதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

அந்தக் கையில் ராஜா காட்டுகிற அவர்தான் முதலில் பேசுவார். அவர் செக் சொன்னால், பெரும்பாலான ஆட்டக்காரர்கள் அமைந்த லோவை மறைக்க மாட்டார்கள் என்பதால், தவறியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு நான் பெட் வைப்பேன்; லோ என்னுடையது, 6 ஜோடியும் நின்றால் முழுப் பாட்டு. அவர் பெட் வைத்தால் ரெய்ஸ் இல்லாமல் கால். இரண்டு பாதியில் ஏதாவது ஒன்றுக்கு எனக்கு வழி இருக்கிறது, அதற்கு 20 கொடுக்கலாம்.

மூன்று பேர் இருக்கும்போது கணக்கு தலைகீழாகிறது. இங்கே ஒரு அனுபவத்தைச் சொல்கிறேன், அதில் கற்றதை இன்றுவரை மறக்கவில்லை.

லாஸ் வேகஸில் ஒரு 10–20 மேசை. கடைசிச் சுற்றில் மூன்று பேர். என் இடப்புறம் இருந்தவருக்கு மேலே ஏஸ், 3, 6, ஜாக்கி. எனக்கு வலப்புறம் ராணி ஜோடி திறந்து, கூடவே 9, 4. நான் நடுவில், கையில் 86 லோ. பாட்டில் 240 டாலர். ராணி ஜோடிக்காரருக்கு லோ சாத்தியமில்லை, மேலே ஒரே ஒரு சின்னச் சீட்டு. அவர் 20 வைத்தார். என் முறை. 20 போட்டு மூவரும் பார்த்தால் பாட் 300, பாதி 150. நூற்றில் 13 தடவை என் லோ நின்றால் போதும் என்று மனத்துக்குள் கணக்குப் போட்டுக் கால் சொன்னேன்.

கால் சொல்வதற்கு முன்பே என் கண் ஒன்றைப் பார்த்திருந்தது. இடப்புறக்காரர் தன் ஏழாம் சீட்டின் ஓரத்தைக் கட்டைவிரலால் ஒரே ஒரு தடவை தூக்கிப் பார்த்தார். மறுபடி பார்க்கவில்லை. கவிழ்ந்த மூன்றின் மேலும் ஒரு சிப்பை வைத்தார். பிறகு அடுக்கிலிருந்து 5 டாலர் சிவப்பு சிப்களைப் பிரித்து எடுத்துத் தனியாக நிறுத்தினார். எட்டு சிப். ஒரு காலுக்கு நாலு போதும். நான் பார்த்தேன், எண்ணவில்லை.

அவர் 40 ஆக்கினார். ராணி ஜோடிக்காரர் 60 ஆக்கினார். அவரிடம் ஃபுல் ஹவுஸ் (மூன்று ஒரே எண்ணும் ஒரு ஜோடியும்) இருந்தது. “இவ்வளவு போட்டாயிற்றே” என்று நானும் போட்டேன். இடப்புறம் 80 ஆக்கி உச்சவரம்பைத் தொட்டார், ஒரு பெட்டும் மூன்று ரெய்ஸும். என் 80 போயிற்று. அவருடைய லோ 6-5. அந்த 80-ல் 40 ஒருவருக்கு, 40 இன்னொருவருக்கு.

கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். 20-க்கு முடியும் என்றால் நூற்றில் 13 போதும். 80 வரை போகும் என்றால் பாட் 480, பாதி 240. 80 கொடுத்து 240-க்கு, மூன்றில் ஒரு தடவை வேண்டும். அதே கை, அதே சீட்டு. நடுவில் மாட்டிக்கொண்டவர் பார்க்க வேண்டியது முதல் பெட்டின் விலையை அல்ல, எனக்குப் பின்னால் பேசப்போகிறவர் ரெய்ஸ் செய்தால் ஆகும் விலையை. அன்று நான் முதல் 20-க்கே ஃபோல்ட் செய்திருக்க வேண்டும்.

இதன் மறுபக்கம்: உங்கள் பாதி பத்திரமாக இருந்து மேசையில் மூன்று பேர் இருந்தால், தயங்காமல் ரெய்ஸ். இருவர் ஆட்டத்தில் பூஜ்யமாக இருந்த லாபம் இங்கே ஒவ்வொரு 20-க்கும் 10 ஆகிறது, நடுவில் இருப்பவர் கட்டுகிறார். ஒரு விதிவிலக்கு உண்டு. நடுவிலிருப்பவர் இன்னும் பணம் போடவில்லை, ரெய்ஸ் செய்தால் ஓடிவிடுவார் என்றால் வெறும் கால் சொல்லி அவரை உள்ளே இழுத்துக்கொள்வது நல்லது.

அவரை ஓட வைக்கவே ரெய்ஸ் செய்யும் இடமும் இருக்கிறது, பலர் இதைத் தவறவிடுகிறார்கள். ஏஸ், 7, 4, 2 காட்டும் ஒருவர் 20 வைக்கிறார்; அவருக்கு லோ என்பது எல்லாருக்கும் தெரியும். உங்களிடம் 10 ஜோடியும் 6 ஜோடியும், சுமாரான கை. உங்களுக்குப் பின்னால் ராஜா, ஜாக்கி, 8, 3 காட்டும் மூன்றாமவர். அவருக்கு ராஜா ஜோடி இருக்கலாம், அதோடு மேலே இருக்கும் ஜாக்கியும் ஜோடி சேர்ந்திருக்கலாம். நீங்கள் கால் சொன்னால், பாட் 240 என்று வைத்தால், அவர் 20-க்கு 150-ஐப் பார்க்கலாம். நீங்கள் 40 ஆக்கினால் அவர் ஒரே மூச்சில் 40 போட வேண்டும், கிடைப்பது 180, அதற்கு மேல் இன்னொரு ரெய்ஸ் வருமோ என்ற பயம் வேறு. உங்களைத் தோற்கடிக்கும் கைகளில் சிலவற்றைக்கூட அவர் தூக்கிப் போடுவார். அவர் போனால் 320 பாட்டில் பாதி, 160, பெரும்பாலும் உங்களுடையது. லோக்காரர் மறுபடி ரெய்ஸ் செய்தால் கலங்க வேண்டாம். அவருக்கு அது செலவில்லாத ரெய்ஸ் என்று முன்பே பார்த்தோம்.

போன சீட்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஃபோல்ட் ஆனவர்களின் திறந்த சீட்டுகளை விநியோகிப்பவர் எடுத்துவிடுவார். நினைவில் வைப்பது உங்கள் வேலை. எல்லாவற்றையும் வைக்க முடியாவிட்டால் சின்னச் சீட்டுகளையும் ஏஸ்களையும் மட்டும் வையுங்கள். நீங்கள் கேட்ட அந்த ஆட்டத்தில் இரண்டு 4 முன்பே போயிருந்தால், எதிராளியின் ஸ்ட்ரெய்ட் வாய்ப்பு 13-லிருந்து 9-க்குக் கீழே இறங்கியிருக்கும். வரிசையும் முக்கியம்: 5-ஐக் காட்டித் தொடங்கி 6, 3, 8 என்று வந்தவர் வேறு, ராணியைக் காட்டித் தொடங்கி 3, 5, 8 வந்தவர் வேறு, அவர் ராணி ஜோடியோடு தற்செயலாகச் சின்னச் சீட்டு வாங்கியவராக இருக்கலாம், அவருக்கு எதிராக ராஜா–9 இரண்டு ஜோடிக்குப் பெட் வைப்பேன். வீட்டு ஆட்டங்களில் ஹையா லோவா என்று முன்னரே அறிவிக்கும் முறை இருந்தால் நான் இங்கே சொன்ன பலவும் பொருந்தாது. சூதாட்ட அறைகளில் சீட்டே பேசும்.

கடைசியாக, கேட்டவர் கேட்காத ஒன்று. உங்கள் நஷ்டத்தின் பெரிய பகுதி ஏழாம் சீட்டில் இல்லை. ஏழாம் சீட்டில் பாட் 160 என்றால், ஐந்தாம், ஆறாம் சீட்டில் இருவரும் 20, 20 போட்டதைக் கழித்தால் ஐந்தாம் சீட்டு வந்தபோது பாட்டில் 80. அப்போது உங்களிடம் ராஜா ஜோடி, ஏஸ், 9, ஜாக்கி. எதிரில் 5, 6, 3. அந்த இடத்திலிருந்து கடைசிவரை போக 20, 20, 20, ஆக 60 வேண்டும். முடிவில் பாட் 200, உங்கள் பாதி 100. பாதிக்கு மட்டும்தான் ஆடுகிறீர்கள் என்றால், 60 கொடுத்து 100. நூற்றில் 60 தடவை பெரிய பாதியை வெல்ல வேண்டும். அவர் லோவைத் தவறவிட்டு உங்களுக்கு முழுப் பாட்டும் வரும் சில தடவைகள் இந்த 60-ஐக் கொஞ்சம் இறக்கும். கடைசிச் சுற்றில் ஐந்தில் ஒரு தடவை போதும் என்றிருந்த அதே கை, இரண்டு சீட்டுக்கு முன்னால் கிட்டத்தட்ட ஐந்தில் மூன்று தடவை கேட்கிறது. அடுத்த முறை ராஜா ஜோடிக்கு எதிரே மூன்று சின்னச் சீட்டு வரிசையாகத் திறந்தால், பெட் 20 ஆகும் அந்த இடத்தில், இரண்டாவது ஜோடி வருவதற்கு முன்பே, சீட்டைக் கவிழ்த்துத் தள்ளிவிடுங்கள்.